வைத்தியர் தொலைவில், பக்கத்தில் யார்?

கண் வைத்தியரிடம் போய்வந்தவர்களுக்கு அந்தச் சிறு மேசை நினைவிருக்கும். ஒரு பக்கத்தில் நாம் நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியோடு அழுத்திக்கொண்டு இருப்போம். மறுபக்கத்தில் வைத்தியர் தம் கண்களைக் கருவியின் குழல்களில் பொருத்தியிருப்பார். இரு முகங்களுக்கும் இடையே ஒரு முழம்கூட இராது. 'சிலிற் லாம்ப்' என்று ஆஸ்பத்திரிகளில் சொல்லப்படும் அந்தக் கருவி, ஒளியை மெல்லிய கீற்றாகக் கண்ணுக்குள் செலுத்தி, கருவிழியையும் அதன் பின்னாலுள்ள வில்லையையும் படை படையாகப் பெருப்பித்துக் காட்டும். கண் வைத்தியத்தின் பெரும்பகுதி அந்தக் கருவியின் முன்னால்தான் நடைபெறுகிறது.

2019 டிசெம்பர் இறுதியில் சீனாவின் வூஹான் நகரில் புதியதொரு நோய் தலைகாட்டுவதாகத் தம் சக வைத்தியர்களை எச்சரித்தவர் லீ வென்லியாங் என்ற இளம் கண் வைத்தியர். வதந்தி பரப்பினார் என்று பொலிசார் அவரை அழைத்துக் கண்டித்துக் கையொப்பம் வாங்கினர். சில நாட்களின் பின், நோய்க்குறி எதுவும் வெளியே தெரியாத ஒரு குளுக்கோமா நோயாளியைப் பரிசோதித்தபோது அவருக்கும் அந்நோய் தொற்றியதாகச் செய்திகள் கூறின. 2020 பெப்ரவரி 7ஆம் நாள் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 33.

இச்செய்தி உலகெங்கும் கண் வைத்தியர்களைத் திடுக்குறச் செய்தது. தாங்கள் நாள் முழுவதும் நோயாளியின் மூச்சுக்குள் இருந்து வேலை செய்பவர்கள் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. முகக்கவசம் அணிந்தார்கள். பரிசோதனை முடியும்வரை பேசவேண்டாம் என்று நோயாளரைக் கேட்டுக்கொண்டார்கள். வாங்குவதற்கு மூச்சுத்தடுப்பு இல்லாத இடங்களில் பழைய எக்ஸ்றே படங்களைக் கழுவித் துளையிட்டு, கருவியின் குறுக்கே மாட்டிக்கொண்டார்கள். 2020 மார்ச் 25இல் இந்தியா முழுவதும் முடக்கப்பட்டபோது, அங்கே கண் வைத்தியசாலைகளின் கதவுகள் ஏறக்குறைய மூடியேவிட்டன. அந்நாட்களில் இந்தியக் கண் வைத்தியர் 1,260 பேரிடம் எடுக்கப்பட்ட ஒரு கணிப்பில், நூற்றுக்கு 72 பேருக்கு மேல் தாம் எந்த நோயாளியையும் பார்க்கவில்லை என்று சொன்னார்கள். அதே கணிப்பில் நூற்றுக்கு 77 பேருக்கு மேல் தொலைபேசி, காணொளி, வட்ஸ்அப் போன்ற ஏதோவொரு வழியில் ஆலோசனை வழங்கத் தொடங்கிவிட்டதாகவும் சொன்னார்கள். தொலைமருத்துவம் பற்றிய விதிகளை இந்திய அரசு வெளியிட்டதும் அதே மார்ச் 25ஆம் நாளில்தான். ஐதராபாத்தில் 1987இல் தொடங்கப்பட்ட எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம், முடக்கத்தின் முதல் நான்கு வாரங்களில் மட்டும் ஏறத்தாழ ஏழாயிரம் பேருக்குத் தொலைவிலிருந்தே ஆலோசனை வழங்கியது. இலண்டனின் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை, அவசர நோயாளரையும் காணொளியில் பார்க்கத் தொடங்கியது.

இதையெல்லாம் நகரத்துப் பத்திரிகைகள் விஞ்ஞானத்தின் வெற்றி என்று எழுதின. இனிமேல் ஆஸ்பத்திரிக்கே போகத் தேவையில்லை, எல்லாம் கையிலுள்ள போனில் வந்துவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அந்த உற்சாகம் வரவில்லை. இடம்பெயர்ந்தும் மீள்குடியேறியும் வாழும் கமக்காரக் குடும்பங்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில், இந்தச் செய்தியை வேறு விதமாகப் படிக்கவேண்டியிருக்கிறது. அதற்கு முன், போனில் கண்ணைப் பார்ப்பதால் ஆகக்கூடியது என்ன, ஆகாதது என்ன என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம்.

அதன் பெரிய பயன் பிரித்தறிவதுதான். யார் இன்றே வரவேண்டும், யார் ஒரு கிழமை பொறுக்கலாம், யார் வீட்டிலிருந்தபடி பழைய மருந்தையே தொடரலாம் என்று ஓர் அனுபவமுள்ள சத்திரசிகிச்சை நிபுணர் நாலு கேள்வியில் பெரும்பாலும் பிரித்துவிடுவார். கண்புரைக்குச் சத்திரசிகிச்சை செய்து நாலாம் நாள் ஒரு தாய் போன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "உறுத்துது, கொஞ்சம் தண்ணி வடியுது, ஆனால் பார்வை நல்லாய் இருக்கு" என்றால், சொட்டு மருந்தை ஒழுங்காக விடும்படியும் கையைக் கழுவும்படியும் கண்ணைக் கசக்க வேண்டாம் என்றும் சொல்லி ஆறுதல்படுத்தலாம். "நேற்றைவிட நோ கூடிப்போச்சு, மங்கலாய்த் தெரியுது" என்றால், நிபுணர் படம் அனுப்பும்படி கேட்டு நேரத்தைக் கடத்தமாட்டார். கண்ணுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். சில மணித்தியாலத் தாமதத்தில் அந்தக் கண்ணே போய்விடலாம். கிடைத்த வாகனத்தில் ஏறி உடனே வரச்சொல்வார். ஊரடங்கு நாளில் இத்தகைய ஒரு போன் அழைப்பு ஒரு கண்ணைக் காப்பாற்றியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் கண்ணின் உள்ளழுத்தத்தைப் போன் அளக்காது. சீனி வியாதிக்காரரின் விழித்திரையில் இரத்தம் கசிவதைச் சாதாரண கமரா பிடிக்காது. சிவந்த கண்ணைப் படமெடுத்து அனுப்பினால், அது சாதாரண கண்நோயா, கருவிழிப் புண்ணா, திடீரென ஏறிய கண் அழுத்தமா என்று அந்தப் படத்தை மட்டும் வைத்துச் சொல்வது நிபுணருக்கும் கடினம். எல்லாம் சிவப்பாகத்தான் தெரியும். இவற்றில் ஒன்று தானாக மாறிவிடும். மற்ற இரண்டும் பார்வையைப் பறித்துவிடும். கண்புரையைப் பொறுத்தவரை சொல்லவே தேவையில்லை. வில்லையை எடுத்துப் புது வில்லை வைக்கக் கை வேண்டும், கத்தி வேண்டும், சத்திரசிகிச்சைக் கூடம் வேண்டும். முடக்க காலத்தில் அந்தக் கூடங்கள் அவசரத்துக்கு மட்டுமே திறந்தன. கிராமத்துக்கு வந்து நோயாளரைக் கண்டு அழைத்துப்போகும் கண் முகாம்கள் நின்றன. கண்புரை முற்றிப்போய், அதனாலேயே அழுத்தமும் ஏறி, நோவோடு வந்தவர்கள் முடக்கத்தின்பின் அதிகரித்திருந்ததை மதுரை வைத்தியர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அவர்களில் பலரிடம் ஏதோவொரு போன் இருந்திருக்கும்.

மதுரை என்றதும் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். நமது வாசகர் பலர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாத நோயால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் சத்திரசிகிச்சை பழகிய வைத்தியர் கோ. வெங்கடசாமி, அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976இல் 11 கட்டில்களோடு அதைத் தொடங்கினார். வசதியுள்ளவரின் கட்டணத்தைக் கொண்டு வசதியற்றவருக்கு இலவசமாகச் சிகிச்சை செய்வது அவருடைய ஏற்பாடு. அவர் 2006இல் காலமானார். ஆனால் நான் இங்கே சொல்ல விரும்புவது அந்தப் பெரிய கட்டடத்தைப் பற்றியல்ல, அதன் சிறிய கிளைகளைப் பற்றி.

கிராமங்களில் நடத்திய முகாம்களுக்கு, கண் நோயுள்ளவர்களில் சிறு பகுதியினரே வருகிறார்கள் என்பதை அரவிந்தார் கண்டுகொண்டார்கள். முகாம் ஒரு நாள் வரும், போய்விடும். அன்று கூலிவேலை கிடைத்தவர் வரமாட்டார். ஆகவே 2004ஆம் ஆண்டு முதல், ஏறக்குறைய ஐம்பதினாயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில், சிறு ஊர்களில் நிரந்தரமான கண் பராமரிப்பு நிலையங்களைத் திறக்கத் தொடங்கினார்கள். வாடகைக்கு எடுத்த இரண்டொரு அறை, ஒரு சிலிற் லாம்ப், கண் அழுத்தம் பார்க்கும் கருவி, மூக்குக்கண்ணாடிகள், மருந்து அலுமாரி, ஒரு கணினி. அங்கே வைத்தியர் இல்லை. கிராமத்தில் பிறந்து பள்ளிப்படிப்பை முடித்து அரவிந்திலேயே இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற ஒரு பெண்பிள்ளை இருப்பார். அவரே பார்வையை அளப்பார், கண்ணைப் பரிசோதிப்பார், கண்டதை எழுதுவார், படமெடுத்து அனுப்புவார். பின்னர் நகரத்து வைத்தியசாலையில் இருக்கும் வைத்தியர் கணினித் திரையில் வந்து அந்த நோயாளியோடு ஓரிரு நிமிடம் பேசி, மருந்தா, கண்ணாடியா, சத்திரசிகிச்சையா என்று முடிவு சொல்வார். பெரும்பாலோர் அந்த இடத்திலேயே சிகிச்சை பெற்று வீடு திரும்பிவிடுவர். சத்திரசிகிச்சை தேவைப்படுவோரே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவர்.

தொடக்கத்தில் தேனி மாவட்டத்தில் இதற்குத் தக்க இணைய வசதி கிடையாது. மலையடிவாரத்து ஊர்கள் அவை. அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வந்து, வீட்டுக்குள் பாவிக்கும் மலிவான வைஃபை கருவிகளையே உயர்ந்த கோபுரங்களில் திசைபார்த்துப் பொருத்தி, பல கிலோமீற்றர் தூரத்துக்குக் காணொளி போகும்படி செய்துகொடுத்தார்கள். அது ஒரு கெட்டித்தனமான வேலைதான். ஆனால் இருபது ஆண்டுகளின்பின் திரும்பிப் பார்க்கும்போது, அந்தக் கோபுரங்களின் இடத்தை எவரும் விலைக்கு வாங்கக்கூடிய இணைப்பு பிடித்துக்கொண்டது. கருவிக்கு முன் இருக்கும் அந்தப் பெண்ணின் இடத்தை எதுவும் பிடிக்கவில்லை. இத்தகைய நிலையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன.

கொரோனா வந்தபோது மற்றவர்கள் அவசர அவசரமாகத் தேடிய ஒன்றை அரவிந்தார் 16 ஆண்டுகளாகச் செய்து பழகியிருந்தார்கள். பஸ் ஓடாத நாளிலும் நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்தில் ஒரு சிலிற் லாம்பும் அதைப் பாவிக்கத் தெரிந்த ஒருவரும் இருப்பதற்கும், கையில் வெறும் போன் மட்டும் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே எண்ணிப்பாருங்கள். முன்னையதில் நிபுணர் தொலைவிலிருந்தாலும் கண்ணைப் பார்க்கிறார். பின்னையதில் நோயாளி சொல்வதைக் கேட்கிறார், அவ்வளவுதான்.

குருவானவர் எழுதும் கட்டுரையில் வேதாகமம் வராமல் இருக்குமா என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். கப்பர்நாகூமில் நூற்றுவர் தலைவருடைய பணியாளரை ஆண்டவர் வீட்டுக்குப் போகாமலே, தூரத்திலிருந்து ஒரு சொல்லால் குணமாக்கினார். தொலைமருத்துவத்துக்கு அதைவிட நல்ல சான்று இல்லை என்று என் நண்பரான ஒரு வைத்தியர் பகிடியாகச் சொல்வார். நான் அவருக்குப் பெத்சாயிதாவை நினைவூட்டுவேன். அங்கே பார்வையற்ற மனிதரை ஆண்டவர் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப்போனார். கண்ணைத் தொட்டார். என்ன தெரிகிறது என்று கேட்டார். மனிதர்கள் மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்ற பதில் வந்ததும், திரும்பவும் கைவைத்தார். சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாள் கட்டை அவிழ்த்துவிட்டு எந்தக் கண் வைத்தியரும் கேட்பது அதே கேள்விதான். தூரத்திலிருந்து சொன்ன சொல்லுக்கும்கூட, பணியாளருக்காக நடந்துபோய்ப் பேச ஒருவர் இருந்தார் என்பதை என் நண்பர் மறந்துவிடுகிறார்.

கமக்காரருக்கு இந்த விடயம் ஏன் கூடுதலாகச் சுடவேண்டும் என்று சொல்கிறேன். கண்புரை முதுமையில் வருவது, பெரும்பாலும் பொறுக்கலாம். கருவிழிப் புண் அப்படியல்ல. சூடடிக்கும்போது பறக்கும் நெற்சுணை, அரிவு வெட்டும்போது தாள் கீறுவது, மாட்டின் வால் அடிப்பது, பற்றை வெட்டும்போது தெறிக்கும் முள் இவையெல்லாம் கருவிழியின் மேற்தோலை உரசிவிடும். உரசல் மயிரிழை அளவுதான் இருக்கும். அதன் வழியே கிருமி புகுந்தால் சில நாட்களில் வெள்ளைப் புண்ணாகி, ஆறினாலும் தழும்பு விழுந்து பார்வை மறைந்துவிடும். 'கண்ணில் பூ விழுந்திட்டுது' என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எமது போன்ற வெப்பநாட்டு வயல்களில் இப்புண்ணைப் பங்கசும் உண்டாக்குகிறது. அதற்கு மருந்துக்கடையில் ஸ்டீரோயிட் கலந்த சொட்டு மருந்தை வாங்கி விட்டால், சிவப்புக் குறையும், நோவும் குறையும், புண் உள்ளே வேகமாகப் பரவும். 'முந்தி மற்றவருக்குத் தந்த மருந்து' என்று அயல்வீட்டிலிருந்து இரவல் வாங்கி விடுவதும் இதே ஆபத்துத்தான். முலைப்பால் விடுவது, இலைச்சாறு பிழிவது, நாக்கால் துடைப்பது ஆகியவற்றைப் பற்றி இந்த இதழில் முன்பும் எழுதப்பட்டிருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

நேபாளத்தின் பக்தபூர் பகுதியில் 1990களில் ஒரு முயற்சி நடந்தது. கிராமத்துச் சுகாதாரத் தொண்டர்களுக்கு, கண்ணில் உரசல் ஏற்பட்டதை ஒரு நிறச்சாயத்தின் உதவியால் கண்டுபிடிக்கப் பழக்கினார்கள். உரசல் இருந்தால் குளோரம்பெனிகோல் களிம்பை நாளுக்கு மூன்று தரம், மூன்று நாள் இட்டார்கள். அடிபட்டு 18 மணித்தியாலத்துக்குள் வந்தவர்களில் ஒருவருக்கும் புண் உண்டாகவில்லை. பெரும் நிபுணரோ இணையமோ அங்கே இல்லை. நடைதூரத்தில் பயிற்சி பெற்ற ஒருவர், கையில் ஒரு சிறு குழாய்க் களிம்பு. அத்தகைய ஒருவருக்குப் பின்னால், சந்தேகம் வரும்போது கேட்பதற்கு ஒரு நிபுணரும் திரையில் இருந்தால் எவ்வளவு நன்மை என்று பாருங்கள். நான் தொலைமருத்துவத்துக்கு எதிரானவன் அல்ல என்பதை இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

இனி எமது பக்கம் வருவோம். 2020 மார்ச் 20ஆம் நாள் மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கிளினிக்குகள் நின்றன. அரசாங்கம் கிளினிக் நோயாளருக்குரிய மருந்துகளைத் தபால் மூலம் வீடுகளுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. நல்ல ஏற்பாடு. தபால் ஊழியர்கள் வெயிலில் சைக்கிளில் திரிந்து கொடுத்தார்கள். ஆனால் முகவரி என்ற ஒன்று ஒழுங்காக உள்ளவர்களுக்கே தபால் போகும். எங்கள் மக்களின் கிளினிக் கொப்பிகளைப் புரட்டிப் பார்த்தால் தெரியும். ஒருவருடைய கொப்பியில் இடம்பெயர்ந்து உறவினர் வீட்டில் இருந்த காலத்து முகவரி, இன்னொருவருடையதில் மூடப்பட்டுவிட்ட நலன்புரி நிலையத்தின் பெயர், மற்றொருவருடையதில் வெளிநாடு போய்விட்ட மகனின் பழைய போன் நம்பர். மீள்குடியேறி ஆண்டுகள் கடந்தும் காகிதத்தில் நாங்கள் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறோம்.

குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து விட்டுவந்த ஒரு கமக்காரரை எனக்குத் தெரியும். அவருடைய மருந்துப் பொதி பழைய முகவரிக்குப் போயிற்று. இரண்டு மாதத்துக்கு மேல் மருந்து இல்லை. நான் கேட்டபோது, "கண் நோகேல்லை ஃபாதர், பஸ் விட்டாப்போலை போவம்" என்றார். அந்த நோய் நோகாது என்பதுதான் அதன் கொடுமை. ஓரப்பார்வையை மெல்ல மெல்லத் தின்றுகொண்டு போகும். நடுப்பார்வை தெளிவாக இருப்பதால் ஆளுக்குத் தெரியவராது. போனது திரும்பவும் வராது. வரம்பில் நடக்கும்போது அடிக்கடி கால் வழுகுவதை வயது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். அவரிடம் போன் இருந்தது. பேரப்பிள்ளை வட்ஸ்அப் பாவிக்கிறான். யாருக்கு எடுப்பது, எடுத்து என்ன சொல்வது என்பதுதான் தெரியாது. அவருடைய கண் அழுத்தத்தை அளந்து, இந்த ஆளைப் பொறுக்கவிட முடியாது என்று நகரத்துக்குச் சொல்ல, அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

பெருந்தொற்று முடிந்துவிட்டது, இனி இந்தக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2022இல் கொரோனா அடங்கியிருந்தது; பெற்றோலும் டீசலும் இல்லை. மருந்துத் தட்டுப்பாடு வேறு. கிளினிக்குக்குப் போகமுடியாமல் அப்போதும் எத்தனை பேர் இருந்தார்கள்? வெள்ளம் வந்து பாதை அறுந்தால் எத்தனை நாள்? எமது பகுதிகளில் பஸ் ஓடாத நாட்களுக்குப் பெருந்தொற்று ஒரு காரணம் மாத்திரமே. போர்க்காலத்தில் செல் துண்டு கண்ணில் பட்டவர்களைத் தட்டியிலும் ட்ரக்டரிலும் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு, தூரத்தால் கண் போகும் கதையை நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வேறொரு பக்கத்திலிருந்தும் ஓர் எதிர்ப்பு உண்டு. அதை நான் மதிக்கிறேன். 'பணக்காரருக்கு வைத்தியர், ஏழைக்குத் திரை' என்று ஆகிவிடாதா? ஆகக்கூடும். நிபுணரை நியமிக்காமல் விடுவதற்கு இதை ஒரு சாட்டாக எந்த அதிகாரியும் பிடித்துக்கொள்ளலாம். ஒரு கமராவை வாங்கிப் பூட்டி, படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டுவிட்டு, ஆறு மாதத்தில் தூசி பிடிக்க விட்ட திட்டங்களை நாம் வேறு துறைகளில் கண்டிருக்கிறோம். தேனியில் அப்படி ஆகாததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே திரைக்குப் பின்னால் உண்மையான வைத்தியசாலை இருந்தது. சத்திரசிகிச்சை தேவை என்று சொன்னால், செய்வதற்குக் கட்டிலும் கையும் இருந்தன. கண்புரை என்று திரையில் சொல்லிவிட்டு, சத்திரசிகிச்சைக்கு வருடக்கணக்கில் காத்திரு என்றால், அது சேவையல்ல, ஆசைகாட்டி ஏமாற்றுவது. ஆகவே மாவட்ட வைத்தியசாலைகளில் கண் நிபுணர் வெற்றிடம் நிரப்பப்பட வேண்டும் என்ற கோரிக்கையை ஒரு நாளும் கைவிடாமல்தான் மற்றதையும் கேட்கவேண்டும்.

என்ன கேட்பது? செயலி கேட்காதீர்கள். அது கேளாமலே வரும். கமக்கார அமைப்புக் கூட்டத்திலும் மாதர் சங்கத்திலும் நீங்கள் எழுதும் மனுக்களில் ஆளைக் கேளுங்கள். சாதாரண தரமோ உயர்தரமோ படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் எங்கள் ஒவ்வொரு மீள்குடியேற்றக் கிராமத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கிராமமே தெரிவுசெய்து, முறையான பயிற்சிக்கு அனுப்பி, சம்பளத்தோடு திரும்ப அதே இடத்தில் அமர்த்த வேண்டும். தொண்டர் என்ற பெயரில் சம்பளமில்லாமல் வேலை வாங்குவதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாம் வருடம் கலியாணம் முடித்து அல்லது வெளிநாடு போய்விடுவார், கருவி துணிமூடிக் கிடக்கும். இடம் பெரிய பிரச்சினையல்ல. பங்குமனையில் ஓர் அறையோ சனசமூக நிலையத்தில் ஒரு மூலையோ போதும். மின்சாரம் வேண்டும். கருவிகள் வேண்டும், அவை விலைகூடியவை. அங்கேதான் மறைமாவட்டமும் வெளிநாட்டு நண்பர்களும் கைகொடுக்கலாம். மருந்து எழுதும் அதிகாரம் வைத்தியருக்கே உரியது. ஆகையால் மாவட்ட வைத்தியசாலையின் கண் பிரிவு, கிழமையில் இன்ன நாள் இன்ன நேரம் திரையில் இருப்போம் என்று எழுத்தில் தரவேண்டும். ஒரு வைத்தியரின் நல்ல மனத்தை நம்பித் தொடங்கினால், அவர் இடமாற்றம் பெறும் நாளில் எல்லாம் நின்றுவிடும்.

அதோடு வாகனம். சத்திரசிகிச்சைக்கென்று தெரிவானவர்களை மாதம் ஒரு தரமாவது ஒன்றாக ஏற்றிப்போய் ஏற்றிவரும் ஒரு வான் இல்லாவிட்டால், மேலே சொன்ன அனைத்தும் பாதி வேலைதான். தனியே போகப் பயந்தோ, துணைக்கு வர ஆளில்லாமலோ, ஒருநாள் கூலியை இழக்க முடியாமலோ சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடும் வயோதிபர்கள் எத்தனை பேர் என்று உங்கள் ஒழுங்கைக்குள்ளேயே எண்ணிப்பார்க்கலாம். நாலு பேர் சேர்ந்து போனால் பயம் போய்விடும். இதை அரவிந்தாரும் தங்கள் முகாம் நோயாளரைப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தே கற்றுக்கொண்டார்கள்.

இவை நடக்கக் காலம் எடுக்கும். அதற்கிடையில் ஒரு சிறு வேலையை இந்தக் கிழமையே செய்யுங்கள். வீட்டில் யாராவது கண்ணுக்குத் தொடர்ந்து மருந்து விடுகிறார்களானால், அவருடைய கிளினிக் கொப்பியை எடுத்து முதற் பக்கத்தைப் பாருங்கள். முகவரி பழையதானால், அடுத்த கிளினிக்கில் தாதியிடம் சொல்லி மாற்றுவியுங்கள். போன் நம்பர் வெளிநாட்டில் உள்ளவருடையதானால், வீட்டில் இருப்பவருடையதை எழுதுவியுங்கள். வீட்டில் போன் இல்லையென்றால் அயலவருடையதை அவர் சம்மதத்தோடு கொடுங்கள். மருந்தின் பெயரையும், எந்தக் கண்ணுக்கு நாளுக்கு எத்தனை தரம் என்பதையும் தமிழில் ஒரு மட்டையில் எழுதி வெறும் போத்தலோடு சேர்த்து வைத்திருங்கள். கண் வைத்தியசாலைக்குப் போன் எடுக்க நேர்ந்தால் அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கண்ணில் மருந்தோ சுண்ணாம்போ களைநாசினியோ பட்டால், போனைத் தேட முன் குழாய்த் தண்ணீரில் அரை மணித்தியாலம் விடாமல் கழுவுங்கள். நெற்சுணையோ முள்ளோ பட்டு நோவு அடுத்த நாளும் மாறாவிட்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.